கற்பூரம் அடித்துக் கொடுத்த சூரணம்

என் ஓரகத்தியைக் கொன்றுவிட வேண்டும் என்று இருபது வருஷத்தில் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஒரு தடவையும் கைகூடவில்லை. அவள் நன்றாக இருக்கட்டும் என்று மனசார நினைத்து ஒரே ஒரு காரியம் செய்தேன். அதில் அவள் சாகப் பார்த்தாள்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்சாதி. ஆம்பூரில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், கொல்லையில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. அவள் வீட்டுக்காரருக்கு ஜோலார்பேட்டையில் ரயில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். என் வீட்டுக்காரர் தோல் ஷெட்டில் பட்டை மேஸ்திரி. வண்டி வண்டியாக வந்து இறங்கும் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் பார்த்து வாங்கி, இடிக்கவிட்டு, தோல் ஊறுகிற எந்தத் தொட்டிக்கு எவ்வளவு போட வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. ஷெட்டில் முப்பது பேர் அவர் பேச்சைக் கேட்பார்கள். வீட்டில் அந்தத் தொந்தரவு அவருக்கு இல்லை.

எனக்குக் கோபம் பிறவியிலேயே உண்டு. நாற்பத்தெட்டு வயசில் அதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. மாசாமாசம் வருவது முன்னே பின்னே வந்து, பிறகு நின்றே போனது. அதற்குப் பதிலாக நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பும். கழுத்துக்கு ஏறி, காதுக்கு ஏறி, உச்சந்தலையில் போய் உட்காரும். ரவிக்கை தெப்பமாக நனைந்துவிடும். மார்கழி மாசத்துக் காலையில், ஊரே போர்த்திக்கொண்டு நடுங்கும்போது, நான் கிணற்றடியில் நின்று குடம் குடமாய்த் தலையில் ஊற்றிக்கொண்டேன். ஒரு நாள் குழம்பில் உப்பு கம்மி என்று வீட்டுக்காரர் சொன்னார். கரண்டி பறந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு ஷெட்டில் வேலை இருந்தது. என் பக்கத்தில் இருப்பதைவிடச் சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற தோலின் நாற்றம் மேல் என்று அவர் முடிவுகட்டியிருக்க வேண்டும். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

இதற்கு எங்கள் பக்கம் பெரிதாய்ப் பேர் எதுவும் இல்லை. "சூடு" என்பார்கள். சூடு என்று சொல்லிவிட்டால் குளிர்ச்சிக்கு மருந்து தேட வேண்டியதுதானே. வேலூரில் பெண்களுக்கென்றே ஆஸ்பத்திரி இருந்தது. பிள்ளை பெற முடியாதவள், வயிறு அறுக்க வேண்டியவள் எல்லாம் அங்கே போவார்கள். சூட்டுக்காக யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா? நான் அதே வேலூரில் லாங் பஜாருக்குப் போனேன்.

அங்கே ஒரு நாட்டு மருந்துக்கடை. கடைக்காரர் நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே திரும்பி, சுவர் முழுக்க இருந்த சின்னச் சின்ன அறைகளில் ஏழை இழுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து இடித்துக் கட்டினார்.

"இதுல இன்னா இன்னா இருக்குது?" என்று கேட்டேன்.

"பேரு சொன்னா பலிக்காதும்மா. நீங்களும் யார்கிட்டயும் சொல்லாம சாப்டணும்" என்றார்.

சேலை வாங்கப் போனால் நூலை இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரத்தை நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்து, கடைக்காரன் கண்ணில் தண்ணீர் வரவழைத்துவிட்டுத்தான் வாங்குவேன். வயிற்றுக்குள் போகிற பொட்டலத்தை மறுபேச்சுப் பேசாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். பச்சிலைதானே, என்ன பண்ணிவிடப் போகிறது என்று நினைப்பு.

ஒரு வாரத்தில் குணம் தெரியவில்லை. ஒடுகத்தூர் மலைப்பக்கத்திலிருந்து வேர் விற்க வருகிற ஒருத்தி, ஒரு கறுத்த வேரைக் காட்டி, இதைச் சேர்த்தால் சூடு கிட்டே வராது என்றாள். அதே வேரைத்தான் போன மாசம் எதிர் வீட்டில் நாய்க்கடிக்குக் கொடுத்தாள். ஒரு வேர் இரண்டு வேலை செய்தால் நல்லதுதானே என்று அதையும் இடித்துச் சேர்த்தேன். அப்புறம் யாரோ வெந்தயம் என்றார்கள், யாரோ வெட்டிவேர் என்றார்கள். கேட்டதையெல்லாம் போட்டேன். எதையாவது எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் கடுக்காயோடு சேர்த்துப் பதினோரு சாமான் ஆயிற்று.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சூரணத்தை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அப்படி ஒரு கசப்பு. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தால் வாயில் போட்டுக்கொள்வேன், அவர் திரும்பினால் கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிடுவேன். இந்த லட்சணத்தில் வெயில் போய் மழை பிடித்தது. அனல் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைந்தது. ஐப்பசியில் நான் ஒரு கரண்டியும் வீசவில்லை.

மழைக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வருமா? என் சூரணம் பலித்துவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னேன். மருந்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கடைக்காரர் சொன்னது சாமான்களின் பேரைத்தான் என்றும், பெருமையை அல்ல என்றும் நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். என்னைவிட இரண்டு மூன்று வயசு முன்பின்னாக இருந்த நான்கு பெண்கள் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். எங்கள் தெருவில் நான் வைத்தியச்சி ஆகிவிட்டேன்.

அப்போது எனக்கும் என் ஓரகத்திக்கும் எட்டு மாசமாகப் பேச்சு இல்லை. கிணற்றுக் கயிறு அறுந்தது யார் இழுத்ததால் என்பதில் தகராறு. அவள் இழுத்ததால்தான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது காதில் விழாமலா இருக்கும்? அவளும் மத்தியானத்தில் இரண்டாம் தடவை குளிப்பாள். பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். சும்மா இருக்கிற பூனையைத் திட்டுவாள். எனக்குப் புரிந்துவிட்டது. வாய் திறந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஒரு நாள் வந்தாள். வாசற்படிக்கு வெளியே நின்றபடியே, என்னைப் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்துக் கேட்டாள்.

"உனக்கு மட்டும் எப்டிம்மா கம்மியாச்சு?"

எட்டு மாசத்தில் முதல் பேச்சு. உள்ளே எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவள் கழுத்தெல்லாம் வேர்த்து, முகம் ஜிவ்வென்று சிவந்திருந்தது. பாவமாகவும் இருந்தது. "உள்ள வாக்கா" என்றேன்.

பழைய சூரணம் தீர்ந்துபோயிருந்தது. அவளுக்குப் புதிதாய், நிறைய, நானே என் கையால் செய்து தர வேண்டும் என்று ஆசை வந்தது. மற்றதெல்லாம் சேர்த்தாயிற்று. கடுக்காயில் வந்து நின்றது. மருந்துக்குக் கடுக்காய் என்றால் ஒவ்வொன்றாக உடைத்து, கொட்டையை எடுத்து எறிந்துவிட்டு, மேல்தோட்டை மட்டும் இடிக்க வேண்டும். கொட்டை ஆகாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நூறு கடுக்காயை யார் உட்கார்ந்து உடைப்பது? ஷெட்டில்தான் இடித்த கடுக்காய் மலையாய்க் குவிந்து கிடக்கிறதே. வீட்டுக்காரரிடம், "பல் தேய்க்க வேணும், கொஞ்சம் கடுக்காப்பொடி கொண்டாங்க" என்றேன். அவர் ஒரு துண்டு நிறைய முடிந்து கொண்டுவந்தார். இதில் எத்தனை ஊர்ப் பல்லைத் தேய்ப்பது என்று கேட்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

ஷெட்டில் கொட்டையோடுதான் இடிப்பார்கள். தோல் என்ன, வயிறு வலிக்கிறது என்றா சொல்லப் போகிறது? இது எனக்குத் தெரியாதது இல்லை. மேஸ்திரி பெண்சாதிக்குத் தெரியாமல் போகுமா? சலித்தால் சரியாகிவிடும் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டு, துணியில் சலித்துக் கலந்தேன்.

கொடுக்கும்போது ஒரு வேலை செய்தேன். வெற்றிலை மேல் கற்பூரத்தைக் கொளுத்தி, அதை அவள் உள்ளங்கையால் அடித்து அணைக்கச் சொல்லி, யாரிடமும் சொல்ல மாட்டேன், ஒரு வேளையும் விட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். மற்ற நான்கு பேரிடமும் இதை வாங்கவில்லை. எட்டு மாசம் பேசாதவளிடம் கொஞ்சம் அதிகாரம் பண்ணிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். அவள் அடித்தாள். உள்ளங்கை சிவந்து போயிற்று.

"மூணு வெரலால அள்ளற அளவு, மூணு வேளை" என்றேன்.

இருபது வருஷத்தில் நான் சொன்ன ஒரு சொல்லையும் கேட்காதவள், இதைக் கேட்டாள். காலை, மத்தியானம், சாயங்காலம். ஷெட்டில் சங்கு ஊதினால் சுவருக்கு அந்தப் பக்கம் டப்பா திறக்கிற சத்தம் கேட்கும். துப்பவே மாட்டாள்.

ஐந்தாறு வாரம் போயிற்று. சோறு வேண்டாம் என்றாள். குமட்டுகிறது என்றாள். உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சுவரில் முதுகைத் தேய்த்தாள். "சூடு வெளிய போவுதுக்கா. இனிமே உள்ளங்கைக் குழியளவு போட்டுக்கோ" என்றேன். இதை எழுதும்போது எனக்கு என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அப்போது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வைத்தியச்சிக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்?

அவள் மஞ்சள் பூசிக் குளிக்கிறவள். முகம் மஞ்சளாய் இருந்தால் யார் கவனிப்பார்கள்? இன்றைக்கு மஞ்சள் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று நானே ஒரு நாள் சொன்னேன். கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். கிணற்றடியில் அவள் நிமிர்ந்து பார்த்தபோது பார்த்திருக்கிறார். ஓடி வந்து என்னிடம் சொன்னார்.

"அண்ணி கண்ண பாத்தியா? வெள்ள முழியே காணோம். ஆவாரந் தொட்டில ரெண்டு நாள் ஊறின தோலு கலரு."

நான் போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. சூட்டில் எரிந்த உடம்பு எனக்கு ஒரே நொடியில் ஜில்லிட்டுப் போயிற்று. அந்த ஒரு விதத்தில் மருந்து பலித்தது என்று சொல்லலாம்.

ஜோலார்பேட்டையில் அவள் வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் அவளை ரயிலில் ஏற்றிக் காட்பாடியில் இறக்கி, ஜட்கா வைத்து வேலூர்ப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். மத்தியானம் ஆனதும் கண்ணைத் திறந்து, இடுப்பில் செருகியிருந்த தகர டப்பாவை எடுத்தாள்.

"இன்னைக்கு வேணாம்க்கா" என்றேன்.

"ஒரு வேளகூட உடக்கூடாதுன்னு நீதானே சொன்ன" என்று என் காதில் சொன்னாள். வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் என்ன சொல்வது? அவள் போட்டுக்கொண்டு, தண்ணீர் கேட்டாள். நான்தான் செம்பைப் பிடித்துக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் எங்களைவிடச் சின்ன வயசு டாக்டரம்மா. தமிழ்க்காரப் பெண், கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள்.

"என்ன மருந்து சாப்ட்டீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் என் ஓரகத்தி.

"சூரணம், லேகியம், கஷாயம்?"

"ஒண்ணும் இல்ல. ரசஞ்சோறு."

"வேரு, பட்டை, எதாவது? அதெல்லாம் மருந்துன்னு யாரும் சொல்றதில்ல, அதனாலதான் தனியா கேக்கறேன்."

"இல்லம்மா." சொல்லிவிட்டு இடுப்பை ஒரு கையால் மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாள். "ஈரல் கெட்டிருக்கு. உள்ள எதாவது போய்ட்டிருந்தா, அத நிறுத்திட்டா பொழைக்க வைக்கலாம். வேற காரணம்னா எனக்கு வழி தெரியல. நீங்க கூடவே இருக்கறவங்க. உங்களுக்கு தெரியுமா?"

வராந்தாவில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். நர்ஸுகள் இரண்டு பேர் பக்கத்தில். என்னைப் போலீஸ் பிடிக்குமா என்று முதலில் நினைத்தேன். தெருவில் என்ன சொல்வார்கள் என்று அடுத்தது நினைத்தேன். அவள் உயிரை மூன்றாவதாகத்தான் நினைத்தேன். அது எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பேசாதே என்று கண்ணால் ஜாடை காட்டினாள். அந்த மஞ்சள் கண்ணால். என்னைக் காப்பாற்றுகிறாளாம்.

அப்போது எனக்கு வந்ததுதான் கோபம். "குடுக்கா அத" என்று அவள் இடுப்பில் கையை வைத்தேன். அவள் இரண்டு கையாலும் டப்பாவை அமுக்கிக்கொண்டாள். சாகக் கிடக்கிறவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. கட்டிலில் ஒரு முழங்கால் வைத்து ஏறி இழுத்தேன்.

"கற்பூரம் அடிச்சிருக்கேன்டீ, உடுடீ" என்றாள்.

"சத்தியத்த நான் வாபஸ் வாங்கிக்கினேன், உடு" என்றேன்.

நர்ஸுகள் எங்களைப் பிரித்தார்கள். டப்பா என் கையில் இருந்தது. டாக்டரம்மாவிடம் நீட்டி, "நான்தான் குடுத்தேன்" என்றேன். அவள் திறந்து மோந்து பார்த்து, என்னென்ன என்று கேட்டாள். விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். கடைக்காரரின் ஏழுக்குப் பேர் தெரியாது. வேருக்குப் பேர் தெரியாது. வெந்தயத்தையும் வெட்டிவேரையும் மட்டும் கணீரென்று சொன்னேன்.

"கடுக்காய்" என்றேன் கடைசியில்.

"கொட்டை எடுத்துட்டுத்தானே? எங்க வாங்கினீங்க?"

"ஷெட்லேர்ந்து" என்றேன்.

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவள் தலையைத் தூக்கினாள்.

"தோலுக்குப் போடற கடுக்காயா?"

நான் வராந்தாப் பக்கம் பார்த்தேன்.

"இன்னாடி, என்னய மாடுன்னு நெனச்சியா, ஆடுன்னு நெனச்சியா?" அதைச் சொல்லிவிட்டுத் தலையைத் தலையணையில் போட்டுக்கொண்டாள். வராந்தாவில் வீட்டுக்காரர் பல்பொடியின் கதை புரிந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். "இதுல எது பண்ணிச்சுன்னு என்னால சொல்ல முடியாது. பதினொண்ணுல ஒண்ணா இருக்கலாம், நாலு சேர்ந்து பண்ணிருக்கலாம். நாட்டு மருந்து எல்லாம் கெட்டதுன்னு நான் சொல்ல வரல. என்னது, எவ்ளோ, யாருக்குன்னு தெரியாம போட்டா செடியும் விஷந்தான். எட்டிக்காயும் பச்சையாத்தான் காய்க்குது" என்றாள். அப்புறம் என் சூட்டைப் பற்றியும் விசாரித்தாள். "உங்களுக்கு கம்மியானது இதனாலன்னு நெனைக்கிறீங்களா? பல பேருக்கு தானாவே கம்மியாகும்" என்றாள். அவள் சொன்னதிலேயே எனக்கு ஜாஸ்தி வலித்தது அதுதான்.

அவள் வீட்டுக்காரர் ஜோலார்பேட்டையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார், மூன்று வாரம் நானும் அவளும் அங்கேயே இருந்தோம். நான் கஞ்சி காய்ச்சி ஊட்டினேன். ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் கண்ணை விரித்துப் பார்ப்பேன். முதல் வாரம் மாறவில்லை. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது. நான் அழுதேன். அவள், "கஞ்சில உப்பு கம்மி" என்றாள். பிழைத்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, சூரணம் வாங்கின நான்கு வீட்டுக்கும் ஓடினேன். அவர்களுக்கும் என்ன ஆயிற்றோ என்று பயம். முதல் வீட்டுக்காரி அதைப் போட்டுப் பித்தளைக் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், நன்றாகப் பளபளக்கிறது, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டாம் வீட்டில் மாட்டுக் குளம்புப் புண்ணில் வைத்து ஆறியே போயிருந்தது. மூன்றாம் வீட்டில் நான் கட்டிக் கொடுத்த கட்டு அவிழ்க்காமல் பரணில் இருந்தது. நான்காமவள் நிஜத்தைச் சொன்னாள். "உன் கோபத்துக்கு பயந்து வாங்கிக்கினேன்மா. யாரு அதப் போய் சாப்டுவா?"

என்னை நம்பி முழுங்கினவள் அந்தத் தெருவில் ஒருத்திதான். எட்டு மாசம் என்னோடு பேசாமல் இருந்தவள்.

அடுத்த பங்குனியில் அவளுக்கு மறுபடி அனல் வந்தது. மத்தியானம், கூடத்தில் வெறுந்தரையில் படுத்துக் கிடந்தாள். நான் பனைவிசிறியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். ரொம்ப நாளாய்க் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"நான் சொல்றது ஒண்ணுகூட நீ கேட்டதில்லயேக்கா. அத மட்டும் ஏன் ஒரு வேளகூட உடாம சாப்ட்ட?"

அவள் வேர்த்த கழுத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"இருவது வருஷத்துல எனக்குன்னு நீ செஞ்சு குடுத்தது அது ஒண்ணுதானே" என்றாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அவள் தலையைத் திருப்பி, விசிறியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சந்தேகமாய்ப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் கலக்கலியே?"

"இல்லக்கா" என்றேன்.

"அப்ப விசிறு" என்றாள்.